மலைக்கு டிக்கெட் தேதி தெரியாது

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நாத்திகன் இல்லை. வேலூர் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு இருக்கும். புரட்டாசி சனிக்கிழமை சொம்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் கோவிந்தா போடாத பிள்ளை கிடையாது. பி.காம். முடித்து பேங்க் வேலைக்கு ஆர்டர் வந்ததும் அலிபிரியில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் படியேறியவன் நான். (முதல் சம்பளத்தில் மொட்டை. போட்டோ இருக்கிறது, காட்ட மாட்டேன்.) ஆகவே "கனடா போனதும் இவனுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று ஆரம்பிக்க நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டு ஆரம்பிக்கவும்.

விஷயம் இதுதான். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது, வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. அப்போதும் "டிக்கெட் இருக்கு, லீவு இருக்கு, இவ்ளோ தூரம் வந்தாச்சு, பாக்காமப் போனா எப்படி" என்று நம்ம மக்கள் அலிபிரி டோல்கேட்டைத் தாண்டுகிறார்களே, அதைப் பக்தி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போட்ட காசை விட மனசு வராத கணக்கு அது. அந்தக் கணக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை மூன்று மாதம் முன்னாலேயே விற்கிறதே தேவஸ்தானம், அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு கோடையில் விடுகிறார்கள், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு விடுகிறார்கள். ஊர் வெயிலுக்கு இங்கே பிறந்த குழந்தைகள் வாடிவிடும் என்று பயந்து பாதிப் பேர் டிசம்பரில்தான் போகிறோம். மூன்று வாரம். அதற்குள் மாமனார் வீடு, சித்தப்பா பெண் கல்யாணம், பல் டாக்டர், பத்திரப் பதிவு ஆபீஸ், குழந்தைக்கு மொட்டை, காது குத்து. இவ்வளவுக்கும் நடுவில் திருப்பதிக்கு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் எந்தப் பருவத்தில் விழுகிறது என்று யாராவது காலண்டரைப் பார்த்தோமா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் கிளம்புகிற காற்றழுத்தத் தாழ்வு எதுவாக இருந்தாலும், சென்னைக்கும் நெல்லூருக்கும் இடையில் கரையேறினால் அது நேராகப் போய் முட்டுகிற சுவர் சேஷாசலம் மலை. நம் லீவும் அந்த மழையும் வருஷா வருஷம் ஒரே தேதியில் வருகின்றன.

2021 நவம்பரை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 18, 19 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. அலிபிரி நடைபாதையில் படிக்கட்டு முழுக்க செந்தண்ணீர் அருவி மாதிரி இறங்கிய வீடியோவை எல்லாரும் வாட்ஸப்பில் அனுப்பினோம், "கோவிந்தா" என்று கைகூப்பும் பொம்மையும் சேர்த்து. அந்தப் பாதைக்குப் புது மேற்கூரை திறந்தது அதற்கு முந்தின மாதம்தான். கூரை வெயிலைத் தடுக்கும், தூறலைத் தடுக்கும். மேலிருந்து உருண்டு வருகிற கல்லுக்கு அது ஒரு பொருட்டா? ஸ்ரீவாரி மெட்டுப் பாதை, அதான் சந்திரகிரி பக்கத்து 2,400 படி வழி, பெயர்ந்தே போய்விட்டது. அதைச் சரிசெய்து மறுபடி திறக்க 2022 மே ஆயிற்று. மலைச்சாலை இரண்டையும் மூடினார்கள். கீழே திருப்பதி ஊரே தண்ணீரில் நின்றது. அதே 19ஆம் தேதி பக்கத்து கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணை உடைந்தது.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. டிசம்பர் 1, விடிகாலை. பெருமழை முடிந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று. நடுவிலும் மழை விட்டபாடில்லை, ஆனால் பாதை திறந்து வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏறுகிற பாதையில், பாஷ்யகார சன்னிதி பக்கத்தில், மேலிருந்து ராட்சதப் பாறைகள் கழன்று சாலையில் விழுந்தன. தடுப்புச் சுவர் போயிற்று, சாலை பல இடத்தில் பெயர்ந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பக்தர்கள் மயிரிழையில் தப்பினார்கள். பிறகு டெல்லி ஐ.ஐ.டி.யிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். அந்தப் பாதையை மூடிவிட்டு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இறங்கு பாதை ஒன்றையே வைத்துச் சமாளித்தார்கள்.

பெருமழை அன்றைக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கு புரிய வேண்டும். திருமலைப் பாறை குவார்ட்சைட். இரும்பு மாதிரி கெட்டி, ஆனால் நெட்டுக்கும் குறுக்குக்கும் வெடிப்பு. ஏறும்போது பக்கவாட்டில் பாருங்கள், செங்கல் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். (அந்த மலைச்சாலை ஓரத்தில் தேசிய புவியியல் நினைவுச்சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த இடமே ஒன்று இருக்கிறது. அடியில் பழைய கிரானைட், அதன்மேல் கோடிக்கணக்கான வருஷ இடைவெளி விட்டுப் படிந்த குவார்ட்சைட். நாம் அதைத் தாண்டிப் போகும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்போம்.) மழைத்தண்ணீர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, போக வழியில்லாமல் நின்று, உள்ளிருந்து தள்ளுகிறது. அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிற மண் ஊறி வழுக்குகிறது. மரவேர் வேறு நெம்புகோல் வேலை செய்கிறது. இதெல்லாம் மழை நின்ற நிமிஷமே நின்றுவிடாது. வானம் வெளுத்துவிட்டது என்று நாம் கிளம்புகிற நாளில் பாறை இன்னும் நனைந்துதான் இருக்கும்.

"அதெல்லாம் உங்க கனடா பனிமலைக்குச் சொல்லு. இது தார் ரோடு, 1944லேர்ந்து வண்டி ஓடுது" என்பார்கள். சரி, பனிமலைக்கே போவோம்.

நான் இருப்பது கால்கரி. இங்கிருந்து காரில் வான்கூவர் போகிற தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் ரோஜர்ஸ் கணவாய் தெரியும். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை அந்தக் கணவாயில் நூற்றுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்களைக் கடந்து போகிறது. குளிர்காலப் புயலில் பனி ஏறிவிட்டால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிவிட்டு என்ன செய்வார்கள் தெரியுமா? ராணுவம் பீரங்கியால் மலையைச் சுடும். நிஜமான 105 மில்லிமீட்டர் பீரங்கி. தானாக எப்போது சரியும் என்று காத்திருக்காமல், ஆள் இல்லாதபோது தாங்களே சரித்துவிடுகிறார்கள். அதுவரை லாரி, கார், பஸ் எல்லாம் கோல்டனிலோ ரெவெல்ஸ்டோக்கிலோ வரிசையில் நிற்கும். எந்த மந்திரி வண்டிக்கும் தனி வழி கிடையாது. நம்ம ஆட்களும்தான் நிற்கிறார்கள், தயிர் சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு முணுமுணுப்பு இல்லாமல். அதே ஆள் அலிபிரியில் கேட்டை மூடினால் "எங்க மாமா ஒருத்தர் தேவஸ்தானத்துல இருக்கார்" என்று போனை எடுக்கிறார். நாடு மாறினால் நம் பொறுமையும் மாறிவிடுகிறது, இது என்ன நியாயம்?

கனடாக்காரன் பிறக்கும்போதே புத்திசாலியாகப் பிறந்தான் என்று நான் சொல்லவில்லை. 1910 மார்ச்சில் அதே கணவாயில், ஒரு சரிவை ரயில் பாதையிலிருந்து அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் இன்னொரு சரிவு விழுந்து 58 பேர் செத்தார்கள். 2003 பிப்ரவரி 1ஆம் தேதி, எங்கள் கால்கரிக்குத் தெற்கே இருக்கிற ஸ்ட்ராத்கோனா-ட்வீட்ஸ்ம்யூர் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு அந்த மலைக்குப் பனிச்சறுக்குப் பயணம் போனார்கள். மேலிருந்து சரிவு வந்தது. ஏழு பிள்ளைகள் போய்விட்டார்கள். அன்றைக்கும் பனிச்சரிவு அறிக்கை இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்த அறிக்கையில் இருக்கிற சொல்லுக்குத் தன் வீட்டுப் பிள்ளையின் விஷயத்தில் என்ன அர்த்தம் என்று எந்தப் பெற்றோருக்கும் புரிகிற மாதிரி அது இல்லை. அதற்கப்புறம்தான் மாற்றினார்கள். அடுத்த வருஷமே தேசிய அளவில் பனிச்சரிவு மையம் வந்தது. மலைப் பாதைகளை எது எளிது, எது சிக்கலானது என்று தரம் பிரித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பள்ளிக்குழுக்களுக்குக் கறாரான விதி போட்டார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் நாளைய ஆபத்து 1லிருந்து 5 வரை எந்தப் படியில் இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஐந்து படியில் ஒரு வேடிக்கை உண்டு. 5 என்று போட்டால் யாரும் மலைக்குப் போவதில்லை. சாவு அதிகம் நடப்பது 3 என்று போட்ட நாட்களில். "ஆபத்துதான், ஆனா போலாம் போல இருக்கே" என்கிற நாட்கள். நம்ம ஊர்க் கணக்கில் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை நாட்கள் அவை. தூறல் நின்று வெயில் எட்டிப் பார்க்கிற நாட்கள்.

இயன் மக்கேமன் என்று ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: ஆபத்தின் அடையாளம் கண்முன்னால் இருந்தும், பயிற்சி பெற்றவர்கள்கூட ஏன் உள்ளே போனார்கள்? அவருக்குக் கிடைத்த பதில் பனியைப் பற்றியது இல்லை, மனுஷனைப் பற்றியது. பழகின இடம் என்கிற தைரியம். எடுத்த காரியத்தை முடித்தே ஆகவேண்டும் என்கிற பிடிவாதம். விவரம் தெரிந்தவர் ஒருத்தர் கூட இருக்கிறார் என்கிற நம்பிக்கை. மற்றவர்கள் போகிறார்களே என்கிற கூட்ட புத்தி. நாலு பேர் முன்னால் கோழை ஆகக்கூடாது என்கிற கூச்சம். இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்கிற பறப்பு. இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். ஐயா பனிச்சறுக்கு ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறாரா, நம்ம திருப்பதி ட்ரிப்பைப் பற்றியா?

போன மாதம் என் மச்சான் நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டார். டிசம்பர் பயணம். மாமியாருக்கு வயது 74, பேரனுக்கு மூன்று முடியப்போகிறது.

"மாப்ள, முந்நூறு ரூபா டிக்கெட் ஆறு பேருக்கும் கெடச்சாச்சு. காலைல அம்மாவை மட்டும் கார்ல ஏத்திட்டு நாங்க அலிபிரில நடக்கறோம்."

"மச்சான், அன்னிக்குப் புயல் வந்தா?"

"வந்தா என்ன, குடை எடுத்துட்டுப் போறோம். எத்தனை தடவை ஏறியிருக்கோம்."

"தேதி தள்ளி வெக்க இடம் இருக்கா?"

"எங்க இருக்கு? மறுநாள் காஞ்சிபுரத்துல கல்யாணம், அதுக்கடுத்த நாள் ஃப்ளைட்டு. அம்மா வேண்டுதல் மாப்ள, நீங்க வேற. டிரைவர் நம்ம பழைய ஆளுதான், மழைலயும் பட்டுனு ஏத்திடுவான்."

எண்ணிப் பாருங்கள். பழகின இடம், வந்துவிட்டது. விவரம் தெரிந்த ஆள், டிரைவர் ரூபத்தில் வந்துவிட்டார். இன்றைக்கு விட்டால் கிடைக்காது, ஃப்ளைட் ரூபத்தில். பிடிவாதம், அத்தையின் வேண்டுதல் ரூபத்தில். கூட்ட புத்திக்கு அலிபிரியில் காலை நாலு மணிக்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். மக்கேமன் சொன்ன ஆறில் ஐந்து ஒரே போன் காலில்! மச்சான் முட்டாள் இல்லை. மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். ஒரு பேட்ச் மாத்திரையில் சந்தேகம் வந்தால் லட்சக்கணக்கான டாலர் சரக்கை குப்பையில் கொட்டச் சொல்கிற மனுஷன், முந்நூறு ரூபாய் டிக்கெட்டை விட மாட்டேன் என்கிறார்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது இரண்டாம் வருஷக் காஸ்டிங் பாடம். சங்க் காஸ்ட். போன பணம் போனதுதான், இனி எடுக்கப்போகிற முடிவில் அதைச் சேர்க்காதே. பரிட்சையில் எல்லாரும் எழுதி மார்க் வாங்கினோம். பேங்கில் இதைத் தினமும் பார்க்கிறேன். கடன் வாங்கித் தொடங்கின கடை நஷ்டத்தில் ஓடும். "இவ்ளோ போட்டாச்சே சார்" என்று இன்னும் ஒரு கடன் கேட்பார்கள். அந்த மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு நன்றாகவே புரிகிறது.

இன்னொரு பேங்க் பாடமும் சொல்லிவிடுகிறேன். 2021இல் அந்தப் பஸ் தப்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் இதற்குப் பெயர் "பெருமாள் காப்பாத்திட்டார்". பேங்கில் இதற்குப் பெயர் "நியர் மிஸ்". தவறான கணக்குக்குப் பெருந்தொகை போய், கடைசி நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள். நஷ்டம் பூஜ்யம். ஆனாலும் அதைப் பதிவுசெய்து, ஏன் நடந்தது என்று எழுதி, எந்த ஓட்டையில் நுழைந்ததோ அதை அடைக்க வேண்டும் என்பது விதி. காப்பாற்றியதற்குப் பெருமாளுக்கு நன்றி சொல்லுங்கள், தேங்காய் உடையுங்கள். ஓட்டையை அடைக்கிற வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

தப்பாத கதை வேண்டுமா? 2025 ஆகஸ்ட் 26, வைஷ்ணோ தேவி. ஜம்மு பக்கம் நாள்கணக்காகப் பேய்மழை, எச்சரிக்கையும் இருந்தது. மத்தியானம் அர்த்குவாரி பக்கத்தில் நடைபாதை மேல் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் செத்தார்கள். யாத்திரையை முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டாமா என்று ஜம்மு காஷ்மீர் முதலமைச்சரே கேட்டார். மதியம் நிறுத்திவிட்டோம் என்றது கோயில் வாரியம். ஒரு பேச்சுக்கு வாரியம் சொன்னது முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்வோம். காலையில் ஏற ஆரம்பித்தவர்கள் மதியம் எங்கே இருப்பார்கள்? பாதி வழியில். கேட்டை மூடினால் புதிதாக யாரும் ஏற மாட்டார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே மேலே போனவர்களை மூடின கேட் என்ன செய்யும்? அலிபிரிப் பாதை சுமார் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். நல்ல நடைக்காரருக்கே மூன்று மணி நேரம், வயசானவர்களும் குழந்தைகளும் இருந்தால் ஐந்து, ஆறு. காளி கோபுரம் தாண்டி மான் பூங்கா பக்கம் போய்க்கொண்டிருக்கிறவரைக் கீழே போட்ட பூட்டு காப்பாற்றாது. முடிவை முந்தின நாள் சாயங்காலமே எடுக்க வேண்டும். ரோஜர்ஸ் கணவாயில் சரிவு விழுந்த பிறகா பீரங்கியைத் துடைக்கிறார்கள்?

மலையில் போனால் ஆபத்து என்று எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் முகாம் மேல் பனிப்பாளம் விழுந்தது. புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், அதில் ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டம். கர்நாடகத்து ஹனுமந்தப்பா ஒருவரை மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள், அவரும் டெல்லி ஆஸ்பத்திரியில் பிழைக்கவில்லை. அவர்கள் உத்தரவுப்படி அங்கே இருந்தார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் புதைந்த எழுபது பேரும் நம் தேயிலைத் தோட்டத் தமிழர்கள், லயன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தை, 2014 அக்டோபர் 29, அதே கதை. அந்த மலை நிற்காது என்று அதிகாரிகள் பல வருஷம் முன்னாலேயே எச்சரித்தும், போக வேறு வீடு கொடுக்க ஆளில்லாமல் அங்கேயே கிடந்த ஜனங்கள். இவர்களில் யாருக்கும் "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம்" என்று சொல்லும் வசதி இல்லை. ரிட்டர்ன் டிக்கெட்டோடு வருகிற நமக்கு இருக்கிறது. இருந்தும் நாம் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். நாம் ஏறுகிறோம் என்பதற்காகவே பஸ் டிரைவரும், படியில் மோர் விற்கிற அம்மாவும், பாதை கூட்டுகிற தொழிலாளியும் அந்தப் பாறைக்கடியில் இருக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அது ஒரு நாள் தரிசனம் இல்லை, தினசரிப் பிழைப்பு.

சரி, நடக்கிற காரியமா இது? நடக்கும். திருவண்ணாமலையில் நடந்ததே. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் போனார்கள், ஐந்து குழந்தைகள். பன்னிரண்டு நாளில் கார்த்திகை தீபம். வல்லுநர்கள் வந்து மலை ஊறிப்போயிருக்கிறது என்றார்கள். பக்தர்கள் யாரும் மலையேறக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. கொப்பரையும் நெய்யும் கொண்டு போகிற ஆட்கள் மட்டும் போனார்கள். எத்தனை கூச்சல்! சட்டசபை வரைக்கும் போயிற்று. தீபம் எரிந்தது. ஜனங்கள் கீழே நின்று பார்த்துக் கும்பிட்டார்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

திருமலையிலும் மனசு வைத்தால் முடிகிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றதும் என்ன ஆயிற்று? மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் படியில் அனுமதி இல்லை என்று நாலே நாளில் விதி வந்தது. கைக்கு ஒரு தடி கொடுத்தார்கள். (தடியைப் பார்த்துச் சிறுத்தை சிரித்திருக்கும், அது வேறு விஷயம் :-) ) 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது முன்கூட்டியே வி.ஐ.பி. தரிசனத்தை ரத்துசெய்து, ஸ்ரீவாரி மெட்டுப் பாதையையும் மூடினார்கள். அதை மனசாரப் பாராட்டுகிறேன். 2021 மழையில் வர முடியாதவர்களுக்கு வேறு தேதியில் தரிசனமும் கொடுத்தார்கள். என் சண்டையே இங்கேதான். அந்தந்த நேரத்துக் கருணையாகச் செய்வதை ஏன் எழுதி வைத்த விதியாகச் செய்யக்கூடாது? டிக்கெட் வாங்கும்போதே "சிவப்பு எச்சரிக்கை நாளில் வராதே, உன் முறை தானாக ஆறு மாதத்துக்கு நீளும்" என்று அதில் அச்சடித்திருந்தால், மச்சான் என்னிடம் அப்படிப் பேசியிருப்பாரா? டிக்கெட் செத்துப்போகும் என்கிற பயம்தான் பாதிப் பேரைப் படியேற்றுகிறது.

சொல்லி அனுப்ப வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தரிசன டிக்கெட்டுக்கு நம் போன் நம்பர் அவர்களிடம் இருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து அலிபிரியில் வண்டிகளுக்கு ஃபாஸ்டேக்கும் கட்டாயம். உண்டியல் சில்லறையைத் தரம்பிரித்து எண்ணுகிற நிர்வாகம் மழையை மில்லிமீட்டரில் எண்ண மாட்டேன் என்றால் எப்படி? இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாக, பிரதேசவாரியாக, தமிழிலும் வெளியிடுகிறது: கவனமாயிரு, தயாராயிரு, வெளியேறு. நம்ம நீலகிரிக்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2020லிருந்து சோதனை முறையில் தினசரி நிலச்சரிவு முன்னறிவிப்பு செய்து வந்திருக்கிறது. லட்சக்கணக்கில் ஜனம் புழங்குகிற ஏழுமலைக்கு, அலிபிரிப் படி தனியாக, ஸ்ரீவாரி மெட்டு தனியாக, ஏறு பாதை இறங்கு பாதை தனித்தனியாக, நாளைக்கு எந்தப் படி என்று முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒரு அறிக்கை. இது பெரிய ராக்கெட் வேலையா?

கடைசியாக அந்த பிரம்மாஸ்திரம். "பெருமாள் கூப்பிட்டாத்தான் போக முடியும், அவர் பாத்துப்பார்." நல்லது. அவர் கூப்பிட்டால்தான் போக முடியும் என்றால், புயலை அனுப்பி "இன்னிக்கு வேணாம்" என்று அவரே சொல்கிறார் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? ராமானுஜர் இந்த மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலால் ஏறினார் என்று சொல்வார்கள். அந்த ஞாபகமாக இருப்பதுதான் பாஷ்யகார சன்னிதி, 2021இல் பாறை விழுந்த அதே இடத்துக்குப் பக்கம். அவர் ஒரு வருஷம் கீழே அடிவாரத்தில் இருந்து திருமலை நம்பியிடம் ராமாயணம் கேட்டதாகவும் சொல்வார்கள். அடிவாரத்தில் காத்திருப்பதும் நம் சம்பிரதாயத்தில் உண்டு மக்களே.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். திருப்பதிக்கு ஒரு நாள் ஒதுக்காதீர்கள், மூன்று நாள் ஒதுக்குங்கள், அதை டிக்கெட் போடும்போதே செய்யுங்கள். சித்தப்பா வீட்டு விருந்தில் ஒன்றைக் குறைத்தால் போதும். முந்தின நாள் வானிலை இலாகாவின் எச்சரிக்கையைப் பாருங்கள், திருப்பதி மாவட்டத்துக்கு. ஆரஞ்சு என்றால் நடை வேண்டாம். சிவப்பு என்றால் மலையே வேண்டாம், மழை விட்டாலும் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். கீழே திருச்சானூரில் தாயார் இருக்கிறாள், பேரன் மொட்டையைத் தள்ளிப் போட்டதற்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் தி.நகர் வெங்கட்நாராயணா ரோட்டில் இருக்கிறாரே, அவரும் அதே வெங்கடேசப் பெருமாள்தான். மச்சான் "பாக்கலாம் மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தையிடம் நான் நேரே பேசினேன். "எம் பேரனைவிடவா வேண்டுதல் பெருசு, அடுத்த வருசம் போய்க்கறேன்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.

தேவஸ்தானத்துக்கு நான் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன். நீங்களும் உங்கள் பங்குக்கு அனுப்புங்கள். ரொம்ப எழுத வேண்டாம், இரண்டே வரி போதும்: "சிவப்பு எச்சரிக்கை நாளின் தரிசன டிக்கெட்டைத் தானாகவே வேறு தேதிக்கு மாற்றித் தரும் விதியை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். ஒவ்வொரு மலைப்பாதைக்கும் மறுநாள் ஆபத்து நிலையை முந்தின நாள் மாலையே அறிவியுங்கள்." கீழே உங்கள் பெயர், இருக்கும் ஊர், எந்தத் தேதிக்கு டிக்கெட் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் போடுங்கள். தேதி முக்கியம்.